பெங்களூருவின் மறந்துபோன இரு நீதிபதிகள்

கட்சித்தாவல் தடை மசோதா குறித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுப் பணிக்காகப் பெங்களூரு வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, ஷியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் 1975 ஜூன் 26 அன்று கைது செய்யப்பட்டனர். ஒக்கலிபுரத்துக்குக் கிழக்கே சேஷாத்திரி சாலையிலிருந்த மத்தியச் சிறை அவர்களை ஏற்றது. நாளேடுகள் ஏற்கெனவே முன்தணிக்கையின் பிடியில் இருந்தன.

அவர்களின் ஆட்கொணர்வு மனுக்கள் கர்நாடக உயர்நீதிமன்றத்தை எட்டியபோது அரசு முன்வைத்த வாதம் எளியது: 21ஆம் உறுப்பை வலியுறுத்தும் உரிமையே நிறுத்திவைக்கப்பட்டிருக்க, மனுவுக்கு இடமேது? நீதிபதிகள் டி.எம். சந்திரசேகரும் சதானந்த சுவாமியும் இதனை ஏற்கவில்லை. மனுக்கள் விசாரணைக்குரியவை என்றனர். வேறு சில உயர்நீதிமன்றங்களும் அவ்வாறே கருதின. 1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அவற்றையெல்லாம் புறந்தள்ளியது.

எச்.ஆர். கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பைச் சட்ட மாணவர் அனைவரும் அறிவர். அதற்கு முன்பே மறுத்துரைத்த பெங்களூரு நீதிபதிகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை, இது நியாயமன்று. 1976இல் இடமாற்றப்பட்ட 16 உயர்நீதிமன்ற நீதிபதிகளுள் இவ்விருவரும் அடங்குவர். சந்திரசேகர் அலகாபாத்துக்கும் சதானந்த சுவாமி கவுகாத்திக்கும் அனுப்பப்பட்டனர்.

1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் வெளிப்படையாக ரத்து செய்தது 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான். அவ்வழக்கைத் தொடுத்த புட்டசாமி, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. பழைய சிறை வளாகம் இன்று சுதந்திரப் பூங்கா. நகரின் போராட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடமும் அதுவே.