ஏடிஎச்டி குழந்தைகளும் மருந்தும்: நீண்டகால விவாதம்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏடிஎச்டி, உள்ள குழந்தைகளுக்கு மூளையைத் தூண்டும் மருந்துகளைக் கொடுக்கலாமா, கொடுத்தால் எந்த வயதில் தொடங்கி எவ்வளவு காலம் கொடுப்பது என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தீராத கேள்வி. அமெரிக்காவில் எழுந்த இந்த விவாதம் இன்றும் அங்கேதான் மிகக் கடுமையாக நடக்கிறது. 2022இல் அந்நாட்டுப் பெற்றோரிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 3 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் சுமார் 71 லட்சம் பேருக்கு, அதாவது 11.4 சதவீதத்தினருக்கு, இக்குறைபாடு இருப்பதாக மருத்துவர் யாரேனும் சொல்லியிருந்தார். குறைபாடு நீடித்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் மருந்து எடுத்துக்கொண்டிருந்தனர்.

ஏடிஎச்டியைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. கவனம் நிலைக்காமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்காமல் செயலில் இறங்குவது ஆகியவை 12 வயதுக்கு முன்பே தென்பட்டு, வீடு, பள்ளி என இரு இடங்களிலாவது வாழ்க்கையைப் பாதிக்கின்றனவா என்று பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். விவாதத்தின் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்தே கிளம்புகிறது. வயதுக்குரிய குறும்பு முடிந்து குறைபாடு தொடங்கும் இடத்தைக் காட்டும் கோட்டை ஒவ்வொரு மருத்துவரும் சற்று முன்னேயோ பின்னேயோ வரைய நேர்கிறது.

மருந்தின் பயன் தற்செயலாகத் தெரியவந்தது. ரோட் தீவு மாநிலத்தில் நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்காக இயங்கிய எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லத்தில் சார்லஸ் பிராட்லி மருத்துவராக இருந்தார். மூளையை எக்ஸ்ரே எடுப்பதற்காக முதுகுத்தண்டு நீரை வெளியேற்றியபின் குழந்தைகளுக்குக் கடும் தலைவலி வந்தது. அதற்காக அவர் பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை; ஆனால் பிள்ளைகள் பாடத்தில் ஊன்றினர். 30 குழந்தைகளிடம் கண்டதை அவர் 1937இல் வெளியிட்டார். 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவன வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். 1950களின் நடுவில் ரிட்டாலின் என்ற பெயரில் சந்தைக்கு வந்த அதுவே பின்னர் இத்துறையின் முதன்மை மருந்தானது.

இம்மருந்துகள் நரம்பு முனைகளுக்கு இடையே டோபமைன், நார்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டுகின்றன. குறைபாடுள்ள குழந்தையை மட்டும் இவை அமைதிப்படுத்தும், மற்றவர்களைப் பரபரப்பாக்கும் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. மருந்துக்குக் குழந்தை அடங்கினால் அதுவே நோய்க்குச் சான்று என்றுகூடச் சில மருத்துவர்கள் கொண்டனர். 1978இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஜூடித் ராப்பபோர்ட் குழுவினர், எக்குறைபாடும் இல்லாத சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுக்கும் கவனம் கூடியது, துறுதுறுப்பு குறைந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்பதை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது என்பது அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் அந்தப் பழைய எண்ணம் பெற்றோரிடையே இன்னும் உலவுவது வருந்தத்தக்கது.

பொதுவெளியில் முதல் புயல் 1970இல் கிளம்பியது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பள்ளிக் குழந்தைகளில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு நடத்தையைக் கட்டுப்படுத்தும் மருந்து தரப்படுவதாக வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னர் தெரிந்தாலும், நாடாளுமன்ற உறுப்பினர் கொர்னீலியஸ் கல்லாகர் அதே ஆண்டு விசாரணை நடத்தினார். 1971இல் மெத்தில்ஃபெனிடேட் கடும் கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் பட்டியலில் சேர்ந்தது. இந்தியாவிலும் அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் அடங்குகிறது. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில், மனநல மருத்துவத்தை எதிர்க்கும் சயின்டாலஜி அமைப்பைச் சார்ந்த குழு ஒன்று ரிட்டாலினுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தது. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. மாத்திரை போடாவிட்டால் பிள்ளையை வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்று சில பள்ளிகள் நெருக்குவதாகப் பெற்றோர் முறையிட்டனர். அத்தகைய நிபந்தனை விதிக்கக்கூடாது என்று 2004இல் சிறப்புக் கல்விச் சட்டத்திலேயே எழுத வேண்டிவந்தது.

விவாதத்தின் இரு தரப்பும் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. எம்டிஏ என்று அறியப்படும் அதன் முதல் முடிவுகள் 1999இல் வெளியாயின. 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்: கவனமாக அளவு சரிபார்த்து மருந்து மட்டும் பெற்றவர்கள், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி தந்து நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள், இரண்டையும் பெற்றவர்கள், ஊரில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்டவர்கள். 14 மாத முடிவில், மருந்து பெற்ற முதல் குழுவும் இரண்டும் பெற்ற குழுவும் அறிகுறிகள் குறைவதில் தெளிவாக முந்தின. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. நான்காம் குழுவிலும் மூன்றில் இரு பங்கினர் மருந்து எடுத்தவர்களே. ஆனால் மாதந்தோறும் மருத்துவர் பார்த்து, ஆசிரியரிடம் கேட்டு அளவைத் திருத்தும் ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. பலனும் அதற்கேற்பக் குறைந்தது. ஒரே மருந்து, கொடுக்கும் அக்கறையைப் பொறுத்து வேறு பலனைத் தந்தது. எம்டிஏ சொன்னவற்றில் மிக முக்கியமானது இதுதான். மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஆய்வுக்கால ஏற்பாடு முடிந்தபின் மூன்றாம் ஆண்டில் அளந்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்திருந்தது. மருந்தின் பயன் நீடிக்காது என்று எதிர்ப்பாளர்கள் இதை வாசித்தனர். கண்காணிப்பு நின்றதும் பலரும் மருந்தை விட்டுவிட்டதுதான் காரணம் என்றனர் ஆதரவாளர்கள். எம்டிஏ குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தபோது, நெடுங்காலம் மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 2.5 செ.மீ. குள்ளமாக இருந்தனர்.

மற்றப் பக்கவிளைவுகளில் பசியின்மையும் தூக்கக் குறைவும் பொதுவானவை. இதயம் பற்றிய அச்சம் 2005–06இல் உச்சத்துக்குப் போனது. கனடா அடரால் எக்ஸ்ஆர் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தின் விற்பனையைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. 2011இல் 12 லட்சம் சிறுவர், இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வில் கடும் இதயப் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. 2006இல் வெளியான மழலையர் ஆய்வு வேறு எச்சரிக்கையைத் தந்தது: பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு மருந்தின் பலன் குறைவு, பக்கவிளைவு அதிகம்.

மருந்து எதைச் சாதிக்கிறது என்பதும் தனிக் கேள்வி. வில்லியம் பெல்லம் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுத்த நாள்களில் குழந்தைகள் அதிகக் கணக்குகளைப் போட்டனர், ஒழுங்காகவும் இருந்தனர். புதிதாகக் கற்றுக்கொண்ட பாடத்தின் அளவு மட்டும் கூடவில்லை. அமைதியான வகுப்பறையைக் கற்றலோடு குழப்பிக்கொள்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சரியான குழந்தைக்குத்தான் மருந்து போகிறதா என்ற சந்தேகத்தைப் பிறந்த மாதம் பற்றிய ஆய்வுகள் மிகவும் வலுப்படுத்தின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிச் சேர்க்கைக்கான கணக்கு டிசம்பர் 31இல் முடிகிறது. அங்கு ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் மாதச் சிறுவர்கள் ஜனவரியில் பிறந்தவர்களைவிட 41 சதவீதம் அதிகமாக மருந்து பெற்றிருந்தனர். சிறுமிகளிடம் இந்த வேறுபாடு 77 சதவீதம். சேர்க்கைக் கெடு செப்டம்பர் 1ஆக உள்ள அமெரிக்க மாநிலங்களில் ஆகஸ்ட் குழந்தைகளுக்கு ஏடிஎச்டி என்று சொல்லப்படுவது செப்டம்பர் குழந்தைகளைவிட 34 சதவீதம் அதிகம் என்று 2018இல் வேறோர் ஆய்வு காட்டியது. அந்தக் கெடு இல்லாத மாநிலங்களில் இவ்வேறுபாடு இல்லை. மூளைக் குறைபாடு காலண்டரைப் பார்த்து வருவதில்லை. ஒரு வயது இளைய பிள்ளையின் முதிர்ச்சியின்மையைப் பள்ளி நோயாகப் படிக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல விளக்கம் இல்லை. மறுபுறம், சத்தமில்லாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமிகள் பலருக்குக் குறைபாடு இருந்தும் கண்டறியப்படாமல் போகிறது. தேவையற்றவருக்கு மருந்தும் தேவைப்பட்டவருக்குப் புறக்கணிப்பும் ஒரே நாட்டில் சேர்ந்தே நிகழ்கின்றன.

மருந்து நிறுவனங்களின் செல்வாக்கும் ஐயத்தை வளர்த்தது. 2001 முதல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தாய்மார்களை நோக்கி இம்மருந்துகளுக்கு விளம்பரங்கள் வந்தன. ஏடிஎச்டியை மதிப்பிடும் கேள்விப் பட்டியலை உருவாக்கி, இம்மருந்துகளின் தொடக்கக்கால ஆராய்ச்சியில் பங்கேற்ற கீத் கானர்ஸே 2013இல், நோய் கண்டறிதல் கட்டுமீறிப் பெருகிவிட்டதாக வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஆய்வாளர்களின் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு, மெத்தில்ஃபெனிடேட் பலன் தருவதாகத் தோன்றினாலும் அதற்கான சான்றுகள் மிகத் தரம் குறைந்தவை என்றது. பக்கவிளைவைக் கண்டே யாருக்கு உண்மை மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று ஊகித்துவிடலாம் என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2018இல் 133 சோதனைகளைத் தொகுத்த லான்செட் சைக்கியாட்ரி ஆய்வு, குறுகிய காலத்துக்குக் குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டே முதல் தேர்வு என்றது. உலக சுகாதார நிறுவனமோ அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்க்கக் கோரிய விண்ணப்பங்களை 2019இலும் 2021இலும் ஏற்கவில்லை.

நடைமுறை வழிகாட்டுதல்களில் வேறுபாடு குறைவு. 6 வயதுக்குக் கீழ் பெற்றோர் பயிற்சியே முதலில் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. அதற்கு மேல் மருந்தையும் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் நைஸ் நிறுவனம், வீட்டிலும் வகுப்பிலும் சூழலை மாற்றிப் பார்த்த பின்னும் கணிசமான பாதிப்பு தொடர்ந்தால்தான் மருந்து என்கிறது. மருந்து தொடங்கிய குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளக்க வேண்டும், 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை பார்க்க வேண்டும், மருந்து இன்னும் தேவையா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது நிபுணர் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பவை 2018ஆம் ஆண்டின் நைஸ் விதிகள்.