எதிரணியை மறக்காத ஊரும் மறந்த ஊரும்

யாழ்ப்பாணம் பரி. யோவான் கல்லூரியில் படித்த பெரியவர் ஒருவரிடம் விளையாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்குள் மத்திய கல்லூரியின் பெயர் வந்துவிடும். பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்குக் கால்பந்து ஆடிய அதே வயதுக்காரரிடம் பேசினால் மழை வரும், நடுவர் வருவார், முழங்கால் தழும்பு வரும். எதிரே ஆடியது யார் என்று நாம்தான் கேட்க வேண்டும். நான் பேசிப் பார்த்த வரையில் பாதிப் பேருக்கு அது நினைவில் இல்லை.

இந்த வேறுபாடு எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஏனென்றால் இரண்டு ஊர்களுக்கும் மைதானம் வந்த வழி ஒன்றுதான். சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) சபையின் ஜோசப் நைட் 1818இல் யாழ்ப்பாணம் வந்தார். அதே சபையின் ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். நல்லூரில் 1823இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் 1891இல் பரி. யோவான் கல்லூரி என்று பெயர் பெற்றது. பாளையங்கோட்டையில் யோவானின் பெயரைத் தாங்கிய கல்லூரி 1878ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. இரு ஊரிலும் போட்டிக்கு இன்னொரு சபையின் கல்லூரி நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தது. அங்கே மெதடிஸ்தர்களின் மத்திய கல்லூரி. பேர்சிவல் பாதிரியார் நடத்தியதும், ஆறுமுக நாவலர் படித்துப் பின் கற்பித்ததும் அங்கேதான். இங்கே ஜெசூட் பாதிரிமார் 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி. சபைப் போட்டி இருந்தது, மைதானம் இருந்தது, விளையாட்டைப் பாடத்துக்குச் சமமாகக் கருதிய பாதிரிமார் இருந்தார்கள். ஆனாலும் பாளையங்கோட்டை ஜான்ஸுக்கும் சேவியர்ஸுக்கும் நடுவில், ஊரே நாள் குறித்துக் காத்திருக்கும் ஓர் ஆட்டம் வேர்விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் அது 1904இல் தொடங்கியது. விளையாட்டு கிரிக்கெட், பெயர் ‘வடக்கின் பெருஞ்சமர்’. பெரும்பாலும் மார்ச் மாதம், மூன்று நாள், மத்திய கல்லூரி மைதானம். பக்கத்தில் துரையப்பா விளையாட்டரங்கம், எரிக்கப்பட்டு மீண்ட பொது நூலகம், சற்றுத் தள்ளிக் கோட்டை. பெடியள் கொடிகளோடு வீதி வீதியாகப் போவார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே பாண்ட் வாத்தியம் ஓயாது. விக்கெட் விழுந்தால் மைதானத்துக்குள் ஓடிவந்து ஆடிவிட்டுத் திரும்புவார்கள். தகப்பன் பார்த்த ஆட்டத்தை மகன் தான் பார்த்தது போலச் சொல்வான். டொரொண்டோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள்கூட நாங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்தே வளர்கிறார்கள்.

போர் அந்தத் தொடர்ச்சியை அறுத்துப் பார்த்தது. சில ஆண்டுகள் ஆட்டம் நடக்கவில்லை. 1985 ஜூனில் பரி. யோவான் அதிபர் ஆனந்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே கிரிக்கெட் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்ததே காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. ஒரு மட்ச் என்பது அந்த மண்ணில் எவ்வளவு கனமான காரியமாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை. 1995 ஒக்டோபரில் போரால் நகரமே இடம்பெயர்ந்து போனது. திரும்பி வந்தவர்கள் வீட்டுக் கூரையைச் சரிசெய்த கையோடு ஆட்டத்தையும் தொடர்ந்தார்கள். நடக்காத ஆண்டுகளும் ரசிகர் நினைவில் ஆட்டங்களாகவே இருக்கின்றன. இந்த வருஷம் நடந்திருந்தால் நாங்கள்தான் வென்றிருப்போம் என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் உண்டு.

ரசிகர் நினைவுக்கு முடிவு தெரிந்த ஆட்டத்தைவிட வழக்கு முடியாத ஆட்டம்தான் அதிகம் பிடிக்கும் போலிருக்கிறது. கொழும்பில் ரோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் நடக்கும் ஆட்டம் இன்னும் பழையது. 1880இல் பிள்ளைகள் பேரை வாவியைப் படகில் கடந்து காலிமுகத்திடலுக்குப் போய் ஆடினார்கள். 1885இல் ரோயல் அணி வெறும் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஆட்டம் முழுமையாக முடியவில்லை. தோமையார் பக்கம் அதை வெற்றி என்று எழுதிவைத்தார்கள். ரோயல் பக்கம் சமநிலை என்றார்கள். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

அமெரிக்காவிலும் அப்படி ஓர் ஆட்டம் உண்டு. ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் 1875 முதல் மோதுகின்றன. அவர்கள் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. 1968 நவம்பர் 23 அன்று இரு அணிகளும் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல் வந்து நின்றன. யேல் 29க்கு 13 என்று முன்னால் இருந்தது. கடைசி 42 வினாடிகளில் ஹார்வர்டு 16 புள்ளிகள் எடுத்துச் சமன் செய்தது. ஹார்வர்டு மாணவர் பத்திரிகை, ஹார்வர்டு யேலை 29க்கு 29 என்று வென்றது எனத் தலைப்பிட்டது. அதையே பெயராக வைத்துக் கெவின் ராஃபர்ட்டி 2008இல் ஆவணப்படம் எடுத்தார். அறுபது வயதை ஒட்டிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த 42 வினாடிகளைச் சொல்கிறார்கள். ஒரு நிமிடம்கூட இல்லாத நேரம் நாற்பது ஆண்டுகள் பேச்சுக்குத் தாங்கியிருக்கிறது.

இனி நம் பாளையங்கோட்டைப் பக்கத்துக்கு வருகிறேன். ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவர், 1980களில் கல்லூரி அணிக்குக் கோல் காத்தவர், என்னிடம் சொன்னது இது:

“எந்தக் காலேஜ்கூட ஆடுனியன்னு கேக்காதிய. பாளையங்கோட்டையில ஆடுனோம், நல்ல மழ. பந்து தண்ணியில நின்னுபோச்சு. நான் வெளிய வந்து எடுக்கதுக்குள்ள அவன் தட்டிட்டான். போச்சு.”

அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் பயணம். விடிகாலையில் மீட்டர் கேஜ் பாசஞ்சரைப் பிடித்தது. கீழ ஆம்பூர், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நின்று நின்று போனது. பூட்ஸ் எல்லோரிடமும் இல்லாததால், வெளியே வருபவர் கோட்டருகே உட்கார்ந்து கழற்றித் தர, மாற்று ஆட்டக்காரர் அதை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடியது. அளவு பெரிதாக இருந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது. இதைச் சொல்லும்போது எந்த விரலின் பக்கம் தாளைத் திணிக்க வேண்டும் என்று தம் காலைத் தொட்டே காட்டினார். அவர் நினைவில் குறையொன்றும் இல்லை. எதிரணிக்குத்தான் அதில் இடமில்லை.

காரணம் ஆட்டத்தை அமைத்த முறையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரண்டு கல்லூரிகள் தங்களுக்குள் பேசி ஒரு நாளைக் குறித்தன. நம் கல்லூரிகளை மோதவிட்டது பல்கலைக்கழகம். 1980களில் மதுரை காமராசர், 1990க்குப் பிறகு மனோன்மணியம் சுந்தரனார். சீட்டுக் குலுக்கி அட்டவணை போட்டு, தோற்றால் வீட்டுக்குப் போ என்கிற நாக்-அவுட் முறை. இந்த வருஷம் ஜான்ஸோடு மோதினால் அடுத்த வருஷம் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றோடு, அதற்கடுத்த வருஷம் நாகர்கோவிலோடு. போன ஆண்டு நம்மைத் தோற்கடித்தவனைத் தேடிப் போய்ப் பழி தீர்க்க அட்டவணை இடம் தராது. பகை வளரக்கூடத் தொடர்ந்து சந்திக்க வேண்டியிருக்கிறது.

படிக்கும் காலமும் ஒரு காரணம். இலங்கையில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். ஆறு வயதுப் பிள்ளை அண்ணன்மார் ஆடுவதைக் கொடி பிடித்துப் பார்த்து, பதினெட்டில் தானே மட்டை பிடிக்கிறான். இங்கே பட்டப்படிப்புக்கு மூன்று ஆண்டு. முதலாண்டில் அணியில் இடம் கிடைக்காது, மூன்றாம் ஆண்டில் வேலைக் கவலை வந்துவிடும். நடுவில் ஒரு பருவம்தான் மிஞ்சும். அணியை ஆதரிக்கக் கூட்டமும் சேராது. கடையத்திலிருந்தும் சிவசைலத்திலிருந்தும் ஆழ்வார்குறிச்சிப் பரமகல்யாணி கல்லூரிக்கு வந்துபோகும் பையன் மாலை பஸ்ஸைப் பிடித்தால்தான் வீடு சேர முடியும்.

யாழ்ப்பாணத்து முறையைப் பார்த்து எனக்கு ஏக்கம் உண்டு. அது முழு ஏக்கம் இல்லை. அந்த நினைவு ஆண்களின் சொத்தாகவே இருந்துவந்திருக்கிறது. சுண்டிக்குளி மகளிர் கல்லூரிப் பெண்கள் அதை ஓரத்தில் நின்று பார்த்தவர்களாகவே பேச்சில் வருகிறார்கள். இரண்டு பெரிய கல்லூரிகளின் வெளிச்சத்தில் மற்ற பள்ளிகளின் ஆட்டங்கள் மங்கிப்போவதும் உண்டு. நாக்-அவுட் முறை ஒரு வகையில் நியாயமானது. மலையடிவாரத்துச் சின்னக் கல்லூரி அணியும் மழையில் ஒரு நாள் பாளையங்கோட்டைப் பெரிய அணியை வீழ்த்தலாம், அதற்கு வழியிருக்கிறது. பெருஞ்சமரில் மூன்றாவது கல்லூரிக்கு இடமே கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் தோற்றுத்தான் இருக்கிறோம். அங்கே ஆட்டத்தை ஒட்டிச் சிறப்பு மலர்கள் வருகின்றன. பழைய ஓட்டக் கணக்குகள், அணிப் படங்கள், தலைவர்களின் பெயர்கள் அச்சில் ஏறுகின்றன. முதியவர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் பேரன் மலரைப் புரட்டித் திருத்துவான். நம் கோல்கீப்பர் சொன்ன மழை எந்த ஆண்டு மழை, கோல் அடித்தவன் எந்தக் கல்லூரி என்று தேடிப் பார்க்க அவரிடம் இருப்பது ஒரு சான்றிதழ் மட்டும். அதில் அவர் பெயரும் ‘பங்கேற்றார்’ என்ற சொல்லும் இருக்கின்றன, முடிவு இல்லை. இது சரிசெய்யக்கூடிய குறை. கல்லூரி ஆண்டு மலர்களின் பின்பக்கங்களில் உடற்கல்வித் துறை அறிக்கை என்று அரைப் பக்கம் வருவது வழக்கம். யாரும் படிக்காத அந்த அரைப் பக்கங்களை ஜான்ஸ், சேவியர்ஸ், இந்துக் கல்லூரி, பரமகல்யாணி என்று நூலகம் நூலகமாகத் திரட்டி, வெற்றி தோல்விகளை வரிசையாக எழுதி, அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அறுபது கடந்த ஆட்டக்காரர்களிடம் போய் உட்கார வேண்டும். சேவியர்ஸ் மாணவர்களோ ஜான்ஸ் மாணவர்களோ ஒரு விடுமுறையில் இதைத் தொடங்கலாம். பாளையங்கோட்டை நூலகங்கள் இரண்டும் அவர்களுக்கு நடைதூரம்தான்.