கைம்மை மந்தி

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் சங்கப் பாட்டெல்லாம் ஓய்வுக்குப் பிறகுதான் எனக்கு வாய்த்தது. இப்போது வன்னியம்பட்டி வீட்டுத் திண்ணையில், மேற்கு மலையைப் பார்த்தபடி படிக்கிறேன். குறுந்தொகை 69-ஆம் பாட்டில் ஆண் குரங்கு செத்துப்போகிறது. கைம்மை தாங்காத மந்தி, குட்டியைச் சுற்றத்திடம் விட்டுவிட்டு மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. பாடியவர் கடுந்தோட் கரவீரன்.

நிஜ மந்தி அப்படிச் செய்வதில்லை. 1962-இல் தார்வாரில் சுகியாமா என்ற ஜப்பானியர் பார்த்தது வேறு. வெளியிலிருந்து வந்த ஆண் குரங்குகள் கூட்டத்தின் தலைவனைத் துரத்தின. அவற்றில் ஒன்று கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பால்குடிக் குட்டிகள் கடிபட்டுச் செத்தன. இட நெருக்கடியால் வந்த வெறி என்று பலர் சொன்னார்கள்.

அதே எண்ணத்தோடுதான் சாரா ஹிர்டி என்ற அமெரிக்கப் பெண் 1971-இல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தார். பார்க்கப் பார்க்க எண்ணம் மாறியது. பால் கொடுக்கும் தாய் சீக்கிரம் சினைப்படாது. குட்டி போனால் விரைவில் சினைக்கு வரும். புதுத் தலைவனும் நெடுநாள் நீடிக்கப் போவதில்லை; அதற்குள் தன் வாரிசு வேண்டும். கொல்வது முன்னவனின் குட்டியை. 1977-இல் இதைப் புத்தகமாக எழுதினார். நம்பாதவர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். 1999-இல் நேபாளத்து மந்திகளின் மரபணுவைச் சோதித்தபோது, கொன்ற ஆண் எதுவும் செத்த குட்டிக்குத் தகப்பன் இல்லை என்று தெரிந்தது.

எனக்குப் பிடித்தது தாய்களின் பங்கு. கிழட்டு மந்திகள் குறுக்கே பாய்ந்து குட்டியைக் காக்கும். சினையாக இருக்கும் மந்திகூடப் புது ஆணோடு சேரும். பிறப்பது யாருடையது என்று அது குழம்பட்டும் என்றுதான், என்கிறார் ஹிர்டி. ஒழுக்கக்கேடு என்று நாம் சொல்வது அங்கே பிள்ளைக் காவல்.

மனிதரிலும் மாற்றாந்தகப்பன் வீட்டில் சிறு குழந்தைக்கு ஆபத்து கூடுதல் என்று கனடாவில் டேலி, வில்சன் தம்பதி 1980-களில் குற்றப் பதிவுகளை வைத்து எழுதினார்கள். வாதம் ஓயவில்லை. மாற்றான் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

குடும்ப ஓய்வூதியக் கோப்புகளை நான் பார்த்த காலத்தில், விதவைகள் வருடாவருடம் 'மறுமணம் செய்துகொள்ளவில்லை' என்று எழுதித் தரவேண்டும். இரண்டு பிள்ளைகளோடு வந்த ஒரு இளம்பெண் காகிதத்தை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, கல்யாணம் பண்ணிக்கிட்டா இது நின்னுருமா?"

"உங்களுக்கு நிக்கும்மா. பிள்ளைங்க பேருக்கு மாத்தலாம்."

"வர்றவரு பிள்ளைங்கள எப்படிப் பாத்துக்குவாரோ?"

விதிப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. நானும் சும்மா இருந்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருடமும் வந்து போட்டாள்.