தேசிய சிலோவாக்கிய சங்கம்: ஒரு மரண சகாய நிதியின் வரலாறு

இறந்தாரை அடக்கஞ் செய்தற்கும் அவர்தம் மனைவி மக்களைத் தாங்குதற்கும் சிறு தொகை சேர்க்கும் சங்கமொன்று, ஒரு தேசத்தின் அரசியல் வரலாற்றில் இடம்பெறுதல் வியப்பாகத் தோன்றலாம். ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய சிலோவாக்கியர் 1890ஆம் ஆண்டில் நிறுவிய தேசிய சிலோவாக்கிய சங்கத்தின் வரலாறு அத்தகையதே. தாய்நாட்டில் மறுக்கப்பட்ட பொதுவாழ்வை ஓர் எளிய குடியானவர் கூட்டம், மரண சகாய நிதியொன்றின் வாயிலாக அந்நிய மண்ணில் அமைத்துக்கொண்டவாற்றை அவ்வரலாறு காட்டும்.

அக்காலத்திற் சிலோவாக்கியருக்கெனத் தனிநாடு இருந்ததில்லை. ஹங்கேரி இராச்சியத்தின் வடபால் மலைநாட்டில் அவர் வாழ்ந்தனர். 1867இல் ஒஸ்திரியாவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் உள்நாட்டாட்சியிற் சுதந்திரம் பெற்ற ஹங்கேரி, தன் குடிகள் அனைவரையும் மகியார் மொழியினராக்க முற்பட்டது. சிலோவாக்கிய உயர்தரப் பாடசாலைகள் மூன்றும் 1874, 1875ஆம் ஆண்டுகளில் மூடப்பட்டன. 1863இல் மக்கள் கொடையால் எழுந்த மாதிட்சா என்னும் பண்பாட்டுக் கழகம் 1875இற் கலைக்கப்பட்டு, அதன் சொத்தும் பறிக்கப்பட்டது. மொழிக்கு நேர்ந்த இவ்விடருடன் வறுமையும் சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் பங்கிட்டுப் பங்கிட்டுச் சிறுத்துப்போன மலைநிலம் குடும்பங்களைத் தாங்கவில்லை. ஆதலின் 1880ஆம் ஆண்டை அடுத்த காலந்தொட்டு ஆடவர் திரள்திரளாய் அமெரிக்கா சென்றனர். 1914ஆம் ஆண்டுக்குமுன் சென்றோர் தொகை ஏறக்குறைய ஐந்து இலட்சமாகும். சில ஆண்டு உழைத்துப் பணஞ் சேர்த்து, ஊர் திரும்பி நிலம் வாங்குதலே அவருட் பலரின் நோக்கமாயிருந்தது.

அவர்க்கு வேலை கிடைத்த இடங்கள் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களும், பிற்ஸ்பேர்க், கிளீவ்லாந்து முதலிய நகரங்களின் உருக்காலைகளுமாம். ஆண்டு மாறினும் அங்கு ஆபத்து மாறவில்லை. 1904ஆம் ஆண்டு சனவரி 25இல், பிற்ஸ்பேர்க்குக்கு அண்மையிலுள்ள ஹார்விக் சுரங்கத்தில் நிகழ்ந்த ஒரேயொரு வெடிப்பில் 179 தொழிலாளர் மாண்டனர். இத்தகைய சாவுக்கு நட்டஈடு பெறுதல் அரிதாயிருந்தது. ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றான் என்றும், உடன்வேலை செய்தவனின் தவறே காரணமென்றும் முதலாளிமார் நீதிமன்றிற் கூறித் தப்பினர். பென்சில்வேனியாவிற் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1915இலேயே இயற்றப்பட்டது. ஆயுட் காப்புறுதிக் கம்பனிகளோ சுரங்கத் தொழிலாளரை ஏற்கத் தயங்கின. மொழியறியா ஊரில் இறந்தவனுக்கு எஞ்சியது, கூடியிருந்தோர் தொப்பியை நீட்டிச் சேர்த்த சில்லறைக் காசே.

இக்குறையைப் போக்க ஊர்தோறுஞ் சிறு சிறு சகாய சங்கங்கள் தோன்றின. ஆனால் சிறுமையே அவற்றின் பலவீனமாயிற்று. எடுத்துக்காட்டாக, ஐம்பது பேரைக் கொண்ட சங்கமொன்று ஒருவர் சாவுக்கு 500 டொலர் வழங்க வேண்டுமாயின் ஒவ்வொருவரும் 10 டொலர் இறுத்தல் வேண்டும். அது கூலியாள் ஒருவனின் ஒருவார ஊதியத்தையும் விழுங்கிவிடும். உறுப்பினர் ஐயாயிரவராயின் 10 சதமே போதுமானது. ஒரே சுரங்கத்திற் பலர் ஒருங்கே மடிந்தாற் சிறு சங்கமும் அவரோடு மடியும். பல ஊர்களிற் பரந்த சங்கமோ நிலைக்கும். சிதறிக் கிடந்தோரை ஒன்றுசேர்த்தல் இங்ஙனம் கணக்கின் கட்டளையாகவும் அமைந்தது.

இதனைச் செயலிற் காட்டியவர் பீற்றர் ரொவ்னியானெக் ஆவர். 1867இற் பிறந்த இவர் குருத்துவக் கல்வி பயின்றபோது, சிலோவாக்கிய மொழிப்பற்றுக் காரணமாகக் குருமடத்தினின்று நீக்கப்பட்டார். 1888இல் அமெரிக்கா வந்து, பிற்ஸ்பேர்க்கிற் சிலோவாக்கியப் பத்திரிகையொன்றின் ஆசிரியரானார். 1890ஆம் ஆண்டு பெப்புருவரி 15இல் தேசிய சிலோவாக்கிய சங்கம் இவர் தலைமையில் உருவாயிற்று. கத்தோலிக்கர், லூதரர் என்ற வேறுபாடின்றிச் சிலோவாக்கியர் யாவரையும் ஏற்பது அதன் கொள்கை.

இக்கொள்கைக்கு மறுப்பும் அவ்வாண்டிலேயே எழுந்தது. ரொவ்னியானெக்கை அமெரிக்காவுக்கு அழைத்தவரான ஸ்டெபன் பூர்டெக் என்னும் குருவானவர், சமயத்தைப் புறம்வைத்த ஒற்றுமையால் மக்கள் சமயப் பற்றினை இழப்பரென அஞ்சினார். 1890ஆம் ஆண்டு செத்தெம்பரிற் கிளீவ்லாந்தில் அவர் கத்தோலிக்கருக்கென வேறொரு சங்கத்தை நிறுவினார். ‘கடவுளுக்காகவும் தேசத்துக்காகவும்’ என்பது அதன் மகுட வாக்கியம். அது காலப்போக்கில் தேசிய சங்கத்தினும் பெரிதாய் வளர்ந்தது. 1892இல் அன்னா ஹூர்பன் என்னும் அம்மையார் கத்தோலிக்கப் பெண்களுக்கெனவும், 1893இல் லூதரர் தமக்கெனவும் சங்கங்கள் அமைத்தனர். பிளவென்று இதனை இகழ்வாருமுளர். ஆயினும் ஒவ்வொரு சங்கமும் தன்னையொத்த பிறிதொன்றுடன் போட்டியிட்டு உறுப்பினரைத் தேடியமையால், சகாய நிதியின் பயன் எட்டாத குடியேற்றம் அரிதாயிற்று.

கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்திலேயே இவ்வியக்கத்தின் உட்பொருளைக் காணலாம். பகலெல்லாம் கரியில் உழைத்தவன் அங்கே தலைவனாகவும், செயலாளனாகவும், தனாதிகாரியாகவும் தெரிவு செய்யப்பட்டான். கூட்ட அறிக்கை எழுதுதல், வாக்களித்தல், கணக்கொப்புவித்தல், நோயுற்றாரைப் பார்த்து உண்மையறிந்து உதவித்தொகை வழங்குதல் ஆகியவற்றில் அவன் பயிற்சி பெற்றான். பாடசாலைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் தகாதென அவன் பிறந்த நாட்டில் ஒதுக்கப்பட்ட அதே மொழியில் இவையாவும் நடைபெற்றன. தன் ஊரின் பேரையோ மாவட்டத்தின் பேரையோ கூறித் தன்னை அறிமுகஞ் செய்துவந்தவன், சந்தாப் புத்தகத்திலே தன்னைச் சிலோவாக்கியன் எனக் கண்டான்.

எனினும் நல்லெண்ணம் ஒன்றே நிதியைக் காத்துவிடாது. தொடக்கத்தில் முதியோனும் இளைஞனும் ஒரே அளவு பணம் இறுத்தனர். உறுப்பினர் மூப்படைய மூப்படையச் சாவுகள் பெருகும், வரி உயரும், வரி உயர இளைஞர் விலகுவர், விலகவே எஞ்சியோர் சுமை மேலும் ஏறும். இத்துன்பம் அமெரிக்காவின் சகோதர சங்கங்கள் பலவற்றுக்கும் பொதுவாயிருந்தது. ஆதலின் அச்சங்கங்களின் தேசிய மாநாடு 1898இல் மரண விகித அட்டவணையொன்றை வெளியிட்டது. வயதுக்கேற்ற கட்டணத்தையும் போதிய ஒதுக்கு நிதியையும் வலியுறுத்தும் மாதிரிச் சட்டம் 1910இல் வகுக்கப்பட்டது. அன்பினாற் பிறந்த சங்கங்கள் கணிதத்தினால் நிலைபெறக் கற்றன.

இங்ஙனம் பழகிய கூட்டுமுயற்சி அரசியலிலும் பயன்பட்டது. 1907இல் அப்பொன்யி என்னும் ஹங்கேரிய அமைச்சரின் கல்விச் சட்டம், ஆரம்பப் பாடசாலைகளையும் மகியார் மயமாக்க முயன்றது. அவ்வாண்டு மே மாதத்தில் சகாய சங்கங்களும் பத்திரிகைகளும் கிளீவ்லாந்திற் கூடி அமெரிக்கச் சிலோவாக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தன. அவ்வாண்டு ஒற்றோபரில் செர்னோவா என்னும் சிற்றூரில், தம் குருவானவரின்றித் தேவாலயத்தை அபிஷேகஞ் செய்தலை எதிர்த்த மக்கள்மீது காவற்படையினர் சுட, 15 பேர் இறந்தனர். சமயப் பிணக்கை மறந்து அமெரிக்கச் சங்கங்கள் ஒருமுகமாய்க் குரலெழுப்பின. 1915இற் கிளீவ்லாந்திலும், 1918 மே மாத இறுதியிற் பிற்ஸ்பேர்க்கிலும் செக் மக்களின் பிரதிநிதிகளுடன் உடன்படிக்கைகள் செய்யப்பட்டன. பிற்ஸ்பேர்க் உடன்படிக்கையில் தோமஸ் மசாரிக் ஒப்பமிட்டார். சிலோவாக்கியாவுக்குத் தனி நிருவாகமும், சட்டசபையும், நீதிமன்றங்களும் அதில் வாக்களிக்கப்பட்டன. 1918 ஒற்றோபர் 28இற் செக்கோசிலோவாக்கியா பிறந்தது. ஆனால் 1920ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அத்தன்னாட்சி இடம்பெறவில்லை. இருபதாண்டு கழிந்தபின், 1938இல், கழகத்தின் தூதுக்குழு உடன்படிக்கையின் மூலப் பத்திரத்தையே பிராத்திஸ்லாவாவுக்கு எடுத்துச் சென்று வாக்குறுதியை நினைவூட்டியது. சிலோவாக்கியா தனிநாடானது 1993ஆம் ஆண்டு சனவரி 1ஆந் தேதியிலாம்.

முதற் தலைவரின் முடிவு துயரமுடையது. ரொவ்னியானெக் தம் பெயரால் நடத்திய வங்கி 1911இல் முறிந்தது. அவரை நம்பிப் பணம் வைத்த எளியோர் பலர் இழப்புற்றனர். அவர் மேற்றிசைக்குச் சென்று, 1924இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டு, 1933இற் கலிபோர்னியாவில் இறந்தார். ‘உயிரோடு புதைக்கப்பட்டவனின் குறிப்புகள்’ என்பது அந்நூலின் பெயர். மக்கள் கௌரவமாய்ப் புதைக்கப்பட வேண்டுமென்று சங்கம் அமைத்தவரே தம் நூலுக்கு இப்பெயரிட நேர்ந்தது.

அவருடைய வங்கி வீழ்ந்தும் தேசிய சிலோவாக்கிய சங்கம் வீழவில்லை. நூறாண்டினையுங் கடந்து நிலைத்தது. வங்கி ஒருவரின் பெயரில் நின்றது; சங்கம் பலரின் கையில் நின்றது. தாபகரின் புகழினும், மாதந்தோறும் தவறாது கணக்கொப்புவித்த பெயரறியாத தனாதிகாரிமாரின் நேர்மையே அதனைக் காத்தது.