தாளில் வாடாத மலர்கள்

தோவாளைச் சந்தையில் விடியுமுன் குவியும் பிச்சியும் அரளியும் கொழுந்தும் அந்தி சாய்வதற்குள் வாடிவிடுகின்றன. மருந்துவாழ் மலையின் மூலிகைகளும் பருவம் கடந்தால் உலர்ந்து உதிர்கின்றன. வாடுவதைக் காத்து வைக்க மனிதன் தாளையும் மையையும் நாடினான். வண்ணத் தாள்களை நறுக்கி, அடுக்கி ஒட்டி, மையால் நரம்பு தீட்டிச் செடிகொடிகளை உருவாக்குவதைப் பள்ளிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே இன்று பலர் எண்ணுகின்றனர். அதன் வரலாற்றைப் புரட்டினால், அக்கலையில் நம்மவர்க்கும் பெரும் பங்குண்டு என்பது விளங்கும்.

பாரசீகத்திலும் முகலாய அரண்மனையிலும் ஓவியங்களையும் அழகெழுத்துகளையும் சேர்த்துக் கட்டிய ஏட்டுக்கு ‘முரக்கா’ என்று பெயர். ‘ஒட்டுப்போட்டது’ என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். சூஃபி ஞானிகள் உடுத்திய ஒட்டுத்துணி அங்கிக்கும் இதே பெயர் வழங்கியது. ஞானப் புலவர் பீர் முகம்மது அப்பா அடங்கியிருக்கும் தக்கலையை அறிந்த நமக்கு இப்பெயர்ப் பொருத்தம் இனிக்கவே செய்யும். பல தாள்களைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து, ஓவியத்தைப் பதித்து, சுற்றிலும் வேறு தாளால் கரை கட்டுவார்கள்.

ஷாஜகானின் மூத்த மைந்தர் தாரா ஷிகோ, 1630களில் தொகுக்கப்பட்ட அத்தகைய ஏடொன்றைத் தம் துணைவியார் நாதிரா பானு பேகத்துக்குப் பரிசளித்தார். மலர் ஓவியங்கள் பல கொண்ட அவ்வேடு இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1659இல் தாரா கொல்லப்பட்டபின், அவருடைய உரிமையைக் காட்டும் குறிப்புகளின்மீது தங்கப் பூச்சுப் பூசி மறைத்தனர். மலர்கள் தப்பின, பெயர் மறைக்கப்பட்டது. ஆயினும் அன்பளிப்புக் குறிப்பு முற்றிலும் அழியாமையால் இன்று நாம் அவ்விருவரையும் நினைக்கிறோம்.

துருக்கியில் உதுமானியர் காலத்தில் தாளை நறுக்கி மலர்களும் எழுத்துகளும் சமைக்கும் கலை ஓங்கியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூர்சா நகரத்து ஃபக்ரீ அதில் பெரும்புகழ் பெற்றார். இங்கிலாந்திலோ, கணவரை இழந்த மேரி டிலேனி என்னும் மூதாட்டி 1772இல் தம் 72ஆம் வயதில் இக்கலையைத் தொடங்கினார். சிவப்புத் தாளொன்று ஜெரேனியம் மலரின் நிறத்தை ஒத்திருந்ததே தூண்டுதல். கறுப்புத் தளத்தின்மீது நுண்ணிய வண்ணத் தாள்களை அடுக்கினார். சிலவற்றில் உண்மையான இலையையும் ஒட்டினார். பார்வை மங்கும்வரை ஏறத்தாழ ஆயிரம் மலர்களைப் படைத்தார். செடியின் பெயர், நாள், இடம் ஆகியவற்றையும் குறித்து வைத்தார்.

நம் தென்னாட்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் இராபர்ட் வைட் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேர்த்தார். ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர் அவருக்காக வரைந்தனர். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவரது நூலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆர்க்கிட் இனமொன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். கூலிக்கு வரைந்தவரின் பெயரும் இவ்வாறு நிலைபெற்றது.

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். பெருநாளுக்கும் திருமணத்துக்கும் வண்ணத்தாள் மலர் நறுக்கிய பாட்டிமார் எத்தனை பேர்! விழா முடிந்ததும் அவர்தம் கைவேலை குப்பைக்குப் போயிற்று. எந்தத் தாளிலும் அவர்கள் பெயரில்லை. அவர்கள் பெயரை எவரும் தங்கம் பூசி மறைக்கவில்லை. எழுத வேண்டுமென்று நாமே எண்ணவில்லை.

ஆகவே, நம் பெண்மக்கள் அடுத்த முறை பிச்சியையோ கொழுந்தையோ தாளில் அடுக்கும்போது, அதன் பின்புறத்தில் செடியின் பெயர், ஊர், நாள், செய்தவர் பெயர் ஆகிய நான்கையும் மையால் எழுதச் சொல்வோம். ஒரு துளி மையே அதற்குப் போதும்.