பதினோராம் வகுப்பின் கடைசி அணி

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்த கடைசி அணி நாங்கள். 1978இல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்கள். பதினோராம் வகுப்பு இன்றும் இருக்கிறது. ஆனால் அது மேல்நிலை முதலாண்டு, நடுவழியில் ஒரு நிறுத்தம். எங்களுக்கோ அதுவே கரை. திருநெல்வேலி மாவட்டத்தில், டவுன் பஞ்சாயத்து என்ற பெயர் மட்டும் பெரிதாக இருந்த ஊரொன்றில் படித்த நாங்கள், அறுபதைக் கடந்த இவ்வயதில் ஒன்றுகூடும் போதெல்லாம் ஆசிரியர்களின் பிரம்பையும் பட்டப்பெயர்களையும் பேசித் தீர்க்கிறோம். அதன்பின் பேச்சு வந்து நிற்பது ஓராண்டுக் கணக்கொன்றில்தான்.

நாங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1967 ஜூனில். ஆட்சி மாறி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மறு ஆண்டு ஜனவரி 23இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. எங்கள் அண்ணன்மார் பெயரளவுக்கேனும் இந்தி வகுப்பில் உட்கார்ந்தவர்கள். எங்களுக்கு அந்தப் பாடவேளையே இல்லை. இரண்டாம் வகுப்பின் பாதியில், 1969 பொங்கலன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. மூன்று வாரம் கழிவதற்குள் அண்ணா மறைந்தார். அந்த ஆண்டே நிலவில் மனிதன் இறங்கினான். அதை எங்களுக்குச் சொன்னது பஞ்சாயத்து வானொலி. ஒன்பதாம் வகுப்பில் நெருக்கடி நிலை. அது என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. சுவர்களில் ஒட்டப்பட்ட முழக்கங்களும், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதுமே எங்களுக்குத் தெரிந்த நெருக்கடி நிலை. 1976இன் நாற்பத்திரண்டாம் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியதும் எங்கள் பள்ளி நாட்களில்தான். அதன் பொருளை வெகு காலத்திற்குப் பின்னரே அறிந்தோம்.

எங்கள் வகுப்பின் விதியோ இவையெல்லாவற்றுக்கும் முன்பே எழுதப்பட்டிருந்தது. நாங்கள் பள்ளியில் சேருவதற்கு முந்தைய ஆண்டு, 1966இல், கோத்தாரி கல்விக்குழு தன் அறிக்கையை அளித்தது. 1968இன் தேசியக் கல்விக் கொள்கை பத்து, இரண்டு, மூன்று என்ற அமைப்பை நாடு முழுமைக்கும் பொதுவாக்க விரும்பியது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வர ஒரு பத்தாண்டு ஆயிற்று. 1978 ஜூனில் மேல்நிலை முதலாண்டு தொடங்கியது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. அதனால் 1978இல் பழைய முறையின் பதினோராம் வகுப்பும் புதிய முறையின் பத்தாம் வகுப்பும் ஒரே ஆண்டில் எஸ்.எஸ்.எல்.சி. எழுத நேர்ந்தது. ஒரு வயது இளையவர்கள் எங்களோடு சேர்ந்து பள்ளி இறுதித் தேர்வு எழுதினார்கள். அவர்கள் ஏதோ குறுக்கு வழியில் வந்துவிட்டதாக எங்களுக்கு அன்று ஓர் எரிச்சல் இருந்தது உண்மை.

கூட்டிப் பார்த்தால் வேறுபாடு ஒன்றுமில்லை. பழைய கணக்கில் பள்ளி பதினொன்று, புகுமுக வகுப்பு ஒன்று, பட்டம் மூன்று, ஆகப் பதினைந்து. புதிய கணக்கிலும் பதினைந்துதான். பன்னிரண்டாம் ஆண்டு எங்கே இருந்தது என்பதில்தான் வேறுபாடு. எங்களுக்கு அது கல்லூரியில் இருந்தது. கல்லூரி பாளையங்கோட்டையில் இருந்தது. தூய சவேரியார், தூய யோவான், பெண்களுக்குச் சாரா டக்கர் என்ற பெயர்கள் எங்களூரில் கோயில் பெயர்களைப் போல மரியாதையுடன் உச்சரிக்கப்பட்டன. அங்கே போக வேண்டுமென்றால் விடிவதற்கு முன் பேருந்து, அல்லது விடுதி. போனபின் அறிவியல் பாடங்கள் ஆங்கிலத்தில். பி.யு.சி. என்ற அந்த ஓராண்டு, எங்களுள் துணிந்து போன பையன்களில் பலரைத் திருப்பி அனுப்பியது. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்தவனும் அவர்களுள் ஒருவன்.

பெண்கள் திரும்பி வரவில்லை; போகவே இல்லை. எங்களோடு படித்த மாணவியருள் கல்லூரிப் படியேறியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். படிப்பு வராததால் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. வரை தெருவைக் கடந்து போய்வந்த பெண்ணை, பேருந்தேறி வேற்றூருக்கு அனுப்ப வீடுகள் ஒப்பவில்லை. ஓராண்டு கழித்து அதே வீடுகளின் தங்கைமார் நிலை வேறாயிற்று. எங்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது. புதிய வகுப்பு பழைய கட்டடத்திலேயே, அதே வேப்பமரத்தின் எதிர்ப்புறம் நடந்தது. தாவணி அணிந்த தங்கைகள் அதே தெருவைக் கடந்து மேலும் இரண்டாண்டுகள் படித்தார்கள். அக்காள் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று தங்கை ஆசிரியையான வீடுகள் எங்கள் தெருக்களில் உண்டு. அவர்களிடையே அறிவில் வேறுபாடு இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள்.

இதைச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் தரம் உயர்த்தப்படவில்லை. உயராத பள்ளிகளின் ஊர்களில் முன்பு பதினோராண்டு கிடைத்த பிள்ளைகளுக்குப் பத்தாண்டோடு கதவு அடைந்தது. சல்லடையை ஓராண்டு முன்னதாகவே கொண்டுவந்து வைத்தார்கள் என்று எங்கள் தமிழாசிரியர் கசப்போடு சொல்வதுண்டு. அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே இன்றும் கருதுகிறோம்.

எங்களுக்கு அந்தப் பதினோராண்டுகள் கொஞ்சம் சோறு போட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. அன்று எஸ்.எஸ்.எல்.சி. ஒரு தகுதி. தேர்வு முடிவு நாளிதழில் பதிவெண்ணாக வந்த மறுவாரமே வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்றோம். மாலையில் தட்டச்சு நிலையம். லோயர், பிறகு ஹையர். சிலர் ஐ.டி.ஐ.க்குப் போனார்கள். சிலர் இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்குப் போனார்கள். பிற்காலத்தில் அதற்கும் பிளஸ் டூ வேண்டியதாயிற்று. ஒருசிலர் பம்பாய் ரயிலேறினார்கள். அங்கே போனபிறகுதான், எங்கள் பாடவேளைகளில் இல்லாத இந்தியைத் தெருவில் நின்று கற்றார்கள்.

தலைமையாசிரியர் கையெழுத்திட்ட அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இரண்டு அங்க அடையாளங்களும் ஒரு பிறந்த தேதியும் இருக்கும். மச்சம் உண்மையானது, தேதி பலருக்கு அப்படியல்ல. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது வேண்டும் என்பதால், பள்ளி திறக்கும் நாளை ஒட்டி ஆசிரியரே ஒரு தேதி எழுதிக்கொண்டார். ஆகவே எங்கள் வகுப்பில் பாதிப்பேர் 1962 மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ பிறந்தவர்கள். தாய்மார் சொல்லும் ஐப்பசி மழையும் மாசித் திருவிழாவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரசுப் பணிக்குப் போனவர்கள் அந்தத் தேதியின்படி 2020இல், ஐம்பத்தெட்டு வயதில், ஓய்வு பெற வேண்டும். அந்த மே மாதத்தில் ஓய்வு வயது ஐம்பத்தொன்பது ஆயிற்று, 2021இல் அறுபதாயிற்று. 1978இல் பள்ளி தராத இரண்டாண்டுகளை அலுவலகம் தந்துவிட்டதாகக் கருவூலத்தில் வேலைபார்த்த நண்பர் ஒருவர் சிரிப்பார். 2022இல் அவருக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது கூடத்தின் முன்வரிசையில் அவருடைய தங்கை அமர்ந்திருந்தார். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 1980இல் முதல் பிளஸ் டூ எழுதியவர்.