வீட்டுக் கதவைத் தட்டிய தாதி

தாதி என்றால் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வெள்ளைச் சீருடை, வாட்டு, ஊசி. ஆனால் வாட்டில் நிற்காமல், ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், "மகன் இரவு நித்திரை கொண்டாரா? இந்த மாதம் எத்தனை தடவை வலிப்பு வந்தது? கடைசியாக எப்போது மலம் போனது?" என்று கேட்பதையே தொழிலாகக் கொண்ட தாதியர் பிரித்தானியாவில் இருக்கிறார்கள். பிறப்பிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்களைப் பார்ப்பதற்கென்றே பயிற்றப்பட்டவர்கள் இவர்கள். நம் ஊர்ப் பேச்சில் அப்படியான பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுத விருப்பமில்லை. அங்கே இப்போது 'கற்றல் இயலாமை உள்ளவர்கள்' என்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளையின் பிரச்சினை வேறு, இது வேறு. இது வாழ்நாள் முழுவதும் கூட வருவது.

பிரித்தானியாவில் ஒருவர் தாதியாகப் படிக்கப் போனால் நான்கு துறைகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். பெரியோர், சிறுவர், மனநலம், நான்காவது இது. இப்படித் தனித்துறையாக ஆரம்பத்திலிருந்தே படிப்பிக்கும் நாடுகள் என்று பார்த்தால் பிரித்தானியாவும் அயர்லாந்தும்தான். மற்ற நாடுகளில் இல்லாத ஒன்று அங்கே மட்டும் ஏன் வந்தது? அந்தக் கதை அவ்வளவு பெருமைப்படக்கூடிய கதை அல்ல. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1855இல் இங்கிலாந்தின் சரே மாகாணத்தில், ரெட்ஹில் என்ற இடத்தில் ஏர்ள்ஸ்வூட் என்றொரு பெரிய இல்லம் திறக்கப்பட்டது. இவ்வகைப் பிள்ளைகளுக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய கட்டடம் அது. ஆரம்பித்தவர்களின் நோக்கம் நல்லது: படிப்பிக்கலாம், கைத்தொழில் பழக்கலாம், பிறகு வீட்டுக்கு அனுப்பலாம். 1858இலிருந்து பத்து வருடம் அங்கே பொறுப்பாக இருந்த டொக்டர் ஜோன் லாங்டன் டவுன்தான், இன்று 'டவுன் சிண்ட்ரோம்' என்று நாம் சொல்லும் நிலையை 1866இல் விவரித்து எழுதியவர். அதே இல்லத்தில் ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்றொருவர் இருந்தார். காது கேட்காது, பேச்சும் மிகக் குறைவு. ஆனால் மரத்தில் அவர் செய்த கப்பல் மாதிரிகளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். சிறுவனாக உள்ளே போனவர், 1916இல் அங்கேயே மௌத்தானார். வெளியே அனுப்புவது என்ற பேச்சு எங்கேயோ தொலைந்துவிட்டது.

ஏனென்றால் காலம் மாறிவிட்டது. 'அறிவு குறைந்தவர்கள் பெருகினால் இனமே கெட்டுவிடும்' என்ற இனமேம்பாட்டுக் கொள்கை, படித்தவர்களின் மேசைகளில் விஞ்ஞானம் என்ற பெயரில் உட்கார்ந்திருந்த காலம் அது. 1913இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மனக்குறைபாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்து, சட்டப் புத்தகத்திலேயே இழிவான பெயர்களை எழுதி வைத்தது. ஊருக்கு வெளியே 'கொலனி' என்ற பெயரில் வளாகங்கள் எழும்பின. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் தோட்டம், சலவைச்சாலை. உள்ளே போனால் திரும்பி வருவது அபூர்வம். வெட்கம் ஏழை வீடுகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அரச குடும்பத்தின் நெருங்கிய உறவினரான இரண்டு சகோதரிகள் 1941இல் ஏர்ள்ஸ்வூட்டில் சேர்க்கப்பட்டார்கள். பிரபுக்கள் குடும்பங்களின் பெயரேட்டின் 1963ஆம் வருடப் பதிப்பில் இருவரும் இறந்துவிட்டார்கள் என்று அச்சாகியிருந்தது. இருவரும் அப்போது உயிரோடு இருந்தார்கள்! 1987இல் பத்திரிகைகள் எழுதியபோதுதான் நாடு அறிந்தது.

1948இல் தேசிய சுகாதார சேவை வந்தது. இலவச வைத்தியம் என்று உலகமே பாராட்டிய மாற்றம். அந்த வருடமே கொலனிகள் எல்லாம் வைத்தியசாலைகள் ஆகின. கவனியுங்கள், உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் நோயாளிகள் அல்ல. ஆனால் கட்டடத்துக்கு வைத்தியசாலை என்று பெயர் வைத்ததும் அவர்கள் நோயாளிகள் ஆனார்கள். பராமரித்தவர்கள் தாதியர் ஆனார்கள். இந்தத் துறைக்கான பயிற்சி 1919அளவிலேயே தொடங்கிவிட்டது (2019இல் நூற்றாண்டு கொண்டாடினார்கள்), ஆனாலும் அறுபது கட்டில் போட்ட வாட்டில் இரண்டு பேர் நின்றால், பயிற்சி என்ன செய்யும்?

இந்த இடத்தில் நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. 1960களிலும் 70களிலும் இந்த வைத்தியசாலைகளுக்கு வேலைக்கு வர உள்ளூர் ஆட்கள் விரும்பவில்லை. கரீபியன் தீவுகள், அயர்லாந்து, மொரிஷியஸ், மலேசியா, இலங்கை என்று முன்னாள் குடியேற்ற நாடுகளிலிருந்து இளைஞர்களையும் யுவதிகளையும் எடுத்தார்கள். லண்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியைக் கற்பனை பண்ணிக்கொண்டு விமானம் ஏறியவர்களில் பலர், கிராமத்துக்கும் அப்பால், மதில் சூழ்ந்த இப்படியொரு இடத்தில்தான் போய் இறங்கினார்கள். அவர்களுடைய கதை இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பது நமது கருத்து.

படிப்பிப்பவர்கள் என்ற முறையில் நமக்குப் பிடித்த ஒரு சம்பவம் 1958இல் நடந்தது. ஜாக் டிசார்ட் என்ற உளவியலாளர், லண்டன் ஃபவுண்டன் வைத்தியசாலையிலிருந்து 16 பிள்ளைகளை எடுத்து, சரேயில் புரூக்லண்ட்ஸ் என்ற பெரிய வீடொன்றில் வைத்தார். அதே அளவு குறைபாடுள்ள வேறு 16 பிள்ளைகள் வைத்தியசாலையிலேயே இருந்தார்கள். புரூக்லண்ட்ஸில் வாட்டு நடைமுறை இல்லை. பாலர் பாடசாலை போல விளையாட்டு, மணல், தண்ணீர், சிறு குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் தெரிந்த முகங்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு, வைத்தியசாலையில் இருந்தவர்களை விடத் தெளிவாக முன்னேறியது. மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. இடத்தையும் ஆட்கள் பழகும் விதத்தையும் மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஆராய்ச்சி நூலகத்தில் கிடந்தது. நாட்டை உலுப்பியது ஒரு பத்திரிகைச் செய்தி. வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் ஈலி வைத்தியசாலை. அங்கே வேலை செய்த தாதி உதவியாளர் ஒருவர், நோயாளிகளை அடிக்கிறார்கள், அவர்களுக்குரிய சாப்பாட்டையும் பொருட்களையும் திருடுகிறார்கள், முறையிட்டால் காது கொடுப்பார் இல்லை என்று பத்திரிகைக்குச் சொன்னார். 1967 ஓகஸ்டில் 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' அதை வெளியிட்டது. விசாரணைக் குழுவின் தலைவராக ஜெஃப்ரி ஹோவ் என்ற சட்டத்தரணி நியமிக்கப்பட்டார். பிற்காலத்தில் மார்கரெட் தட்சரின் அரசில் நிதியமைச்சராகவும் வெளிநாட்டமைச்சராகவும் இருந்தாரே, அவர்தான்.

குழு தேடிப் பார்த்தது. குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி உண்மை. அதைவிட முக்கியமாக, சில கெட்ட மனிதர்களின் வேலை என்று சொல்லித் தப்பிக்க அந்த அறிக்கை இடம் வைக்கவில்லை. நெரிசல், ஆள் பற்றாக்குறை, பழைய பழக்கத்தையே பயிற்சி என்று நினைத்த ஊழியர்கள், எட்டிப் பார்க்காத நிர்வாகம், முறையிட்டவனையே பழிவாங்கும் வழக்கம் என்று வேரைத் தொட்டது. அதிகாரிகளுக்குச் சுருக்கத்தை மட்டும் வெளியிட விருப்பம். ஹோவ் இணங்கவில்லை. அமைச்சராக இருந்த ரிச்சர்ட் குரொஸ்மனும் முழுவதையும் வெளியிடுவதென்று முடிவெடுத்தார். 1969 மார்ச்சில் அறிக்கை வந்தது. மூடி வைத்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் போயிருக்குமோ!

அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு பெரிய விடயங்கள் நடந்தன. முதலாவது நமது துறை சம்பந்தப்பட்டது. அதுவரை 'கல்வி கற்பிக்க முடியாதவர்' என்று சட்டப்படி முத்திரை குத்தி ஒரு பிள்ளையைப் பாடசாலைக்கு வெளியே நிறுத்தலாம். ஜூடி ஃப்ரைட் என்ற தாய், தன் மகளுக்குப் பாடசாலை இல்லை என்ற கோபத்தில் ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதி, மற்றப் பெற்றோரைச் சேர்த்து, 1946இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைய மென்கேப். 1970இல் சட்டம் மாறியது. 1971 ஏப்ரல் தொடக்கம் எந்தப் பிள்ளையும் கல்வித் திணைக்களத்தின் பொறுப்புக்கு வெளியே இல்லை. இரண்டாவது, 1971இல் வந்த அரசாங்க வெள்ளை அறிக்கை. வைத்தியசாலை இடங்களை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, ஆட்களை ஊருக்குள் வாழ வைப்பது என்று அது திட்டமிட்டது.

ஊருக்குள் வாழ வைப்பது என்று எழுதுவது லேசு. உம்மாவுக்கு அறுபது வயது, மகனுக்கு முப்பது. வலிப்பு வரும், கோபம் வந்தால் தலையைச் சுவரில் மோதுவான், இரவில் தூங்கமாட்டான். யார் வந்து பார்ப்பது? குடும்ப டொக்டருக்கு இவர்களைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம். அப்போதுதான் அந்த மதிலுக்கு உள்ளே வேலை செய்த தாதியரையே வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். 1970களில் இது அங்குமிங்குமாக ஆரம்பித்து, ஒரு தாதியும் ஒரு சமூகசேவை உத்தியோகத்தரும் சேர்ந்த குழுக்களாக வளர்ந்தது. யோசித்துப் பாருங்கள், 'பிள்ளையை எங்களிடம் தாருங்கள்' என்று சொன்ன அதே இடத்திலிருந்து ஒருவர் வந்து, 'பிள்ளையை நீங்களே வைத்திருங்கள், நாங்கள் உதவுகிறோம்' என்று சொன்னால், நம்பக் கொஞ்சக் காலம் பிடிக்கும்தானே.

இந்தத் தொழிலே இல்லாமல் போகும் நிலையும் வந்தது. 1979இல் பெகி ஜே தலைமையிலான குழு, இவர்களுக்கு வேண்டியது தாதியர் அல்ல, சமூகப் பராமரிப்பாளர்கள் என்று அறிக்கை கொடுத்தது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. நோயாளி அல்லாதவருக்கு ஏன் தாதி? தாதியர் சங்கங்கள் எதிர்த்தன, அரசாங்கமும் ஏற்கவில்லை. ஆனால் 1982இல் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. வாட்டை நடத்தப் பழக்கிய படிப்பு, ஒரு மனிதன் தானாக உடுக்க, சமைக்க, பஸ் ஏறப் பழக்கும் படிப்பாகத் திரும்பியது. 1981இல் கார்டிஃபிலேயே சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை எடுத்து ஆட்களைக் குடியமர்த்தும் திட்டம் தொடங்கியது. ஈலி 1996இலும் ஏர்ள்ஸ்வூட் 1997இலும் மூடப்பட்டன.

பெகி ஜேயின் கேள்விக்குப் பதில் பிறகுதான் வந்தது, அதுவும் ஜனாஸாக்களின் ஊடாக. 2007இல் மென்கேப் ஆறு பேரின் மரணங்களை எடுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆறு பேரும் கவனிப்புக் குறைவால் இறந்தவர்கள் என்று அது சொன்னது. 2013இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு 247 மரணங்களைப் பரிசீலித்தது. கற்றல் இயலாமையுள்ள ஆண்கள் மற்றவர்களைவிட 13 வருடமும், பெண்கள் 20 வருடமும் முந்தி இறந்திருந்தார்கள். பெரிய காரணம் ஒன்று உண்டு. கதைக்கத் தெரியாத ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினால், 'இவர் இப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். வலியைக் குறைபாடு மறைத்துவிடுகிறது. வெறும் மலச்சிக்கல் முற்றி இறந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் பந்தியில் அந்தத் தாதி ஏன் மலத்தைப் பற்றிக் கேட்டார் என்பது இப்போது விளங்கும்.

அவர்கள் செய்யும் வேலைகளைப் பார்த்தால் சின்னச் சின்ன விடயங்களாகத்தான் இருக்கும். ஊசிக்குப் பயந்தவரிடம் பல வாரம் போய், முதல் நாள் கையைத் தொட்டு, அடுத்த நாள் கட்டுத் துணியைக் காட்டி, கடைசியில் இரத்தம் எடுக்க வைப்பார்கள். சாப்பாடு தொண்டையில் சிக்குகிறதா என்று கவனிப்பார்கள். வலிப்பு நிற்காவிட்டால் கன்னத்துக்குள் மருந்து விடும் முறையை உம்மா வாப்பாவுக்குப் பழக்குவார்கள். 'வைத்தியசாலைக் கடவுச்சீட்டு' என்று ஒரு தாள் உண்டு. பலவற்றில் போக்குவரத்து விளக்கு மாதிரி மூன்று நிறம். சிவப்பில், கட்டாயம் தெரிய வேண்டியவை: மருந்து, ஒவ்வாமை. மஞ்சளில், வலி வந்தால் எப்படிக் காட்டுவார், எப்படிச் சாப்பிடுவார். பச்சையில், எது பிடிக்கும், எது பிடிக்காது. இங்கிலாந்தில் 14 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை முழு உடற்பரிசோதனையும் உண்டு. தேவையில்லாத மனநோய் மருந்தைக் குறைப்பதும் இவர்களின் வேலை. மனநோய் என்று கண்டுபிடிக்கப்படாமலே ஒவ்வொரு நாளும் 30,000 தொடக்கம் 35,000 பேர் வரை இம்மருந்துகளை எடுப்பதாக இங்கிலாந்தில் 2015இல் மதிப்பிட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத முடியவில்லை. 2011 மே மாதம் பிரிஸ்டலுக்கு அருகில் வின்டர்போர்ன் வியூ என்ற 24 கட்டில் தனியார் வைத்தியசாலையில் நடந்த சித்திரவதையை பிபிசி இரகசியக் கமராவில் காட்டியது. ஈலிக்கு 44 வருடத்துக்குப் பிறகு! 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஆறு பேர் சிறை போனார்கள். அங்கேயும் முதலில் முறையிட்டவர் ஒரு தாதிதான், அவரையும் அலட்சியம் செய்திருந்தார்கள். இப்படியான இடங்களில் இருப்பவர்களை 2014 ஜூனுக்குள் ஊருக்கு அனுப்புவோம் என்று அரசாங்கம் வாக்களித்தது. பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய 2,000 பேர் உள்ளேதான். இதற்கிடையில் இத்துறைத் தாதியரின் எண்ணிக்கை 2010க்குப் பிறகு இங்கிலாந்தில் சுமார் 40 வீதம் குறைந்துவிட்டது.

நம் நாட்டில் வீடு தேடிப் போகும் மரபு புதிதல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பித்த காலம்தொட்டு, குடும்ப சுகாதார உத்தியோகத்தர், நம் உம்மாமார் சொல்லும் 'மிட்வைஃப் மிஸ்', வெயிலிலும் மழையிலும் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். பிள்ளையின் எடையைப் பார்ப்பார், அட்டையில் கோடு கீறுவார். ஐந்து வயதோடு அந்த அட்டையில் அவருடைய வேலை முடிந்துவிடும். பிறகு சில வருடம் நமது விசேட கல்விப் பிரிவு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று, இதை வாசிக்கும் ஆசிரியர்கள் தங்கள் பழைய இடாப்பு ஒன்றை எடுத்துத் தேடிப் பாருங்கள். 60, 70களில் இங்கிலாந்து போய் அந்த வைத்தியசாலைகளில் வேலை செய்த மாமாவோ சாச்சியோ பெரியம்மாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள்.